கருந்துளைக்குள் ஜெபம் போகுமா?

பாட்டுச் சத்தம் முனையில் சிலுவை நிற்கும் குரிசடி திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. நான் வாசலில் மெழுகுதிரியோடு நின்றேன். கடல்காற்று அணைத்துவிடக் கூடாதே என்று இடது கையைக் குவித்துப் பிடித்திருந்தேன். உள்ளங்கை சுட்டது. பொறுத்துக்கொண்டேன்.

உள்ளே பாய் விரித்துக் கிடந்தது. அடுத்த வீட்டில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரம். திருஇருதயப் படத்துக்குக் கீழே மேசையில் வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் பூ, நடுவில் மட்டும் காலி இடம். அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு வெந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் சூசை பானையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எத்தற பேருக்குக் கிழங்கு அவிச்சே?"

"வாற எல்லாருக்கும்."

"நம்ம வீட்டுக்கு இல்லன்னு கோயில்ல வாசிச்சாச்சே. கேட்டியா, இல்லியா?"

"கேட்டேன். எனக்குக் காது உண்டு. கிழங்குக்குக் காது இல்ல, வெந்துபோச்சு."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், முற்றத்துத் தென்னையில் சாய்ந்து நின்றார். ஜெபக் கூட்டம் என்றால் அவர் இடம் எப்போதும் அதுதான்.

எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடற்கரைப் பங்குகளில் ஒரு தெருவுக்கு, இரண்டு தெருவுக்கு ஒரு அன்பியம் உண்டு. வாரத்துக்கு ஒருநாள் மாலையில் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, வாசகம் வாசித்து, அவரவர் மனதில் பட்டதைப் பகிர்ந்துகொள்வோம். எங்கள் அன்பியத்துக்கு ஒரு மாதா சுரூபம் இருக்கிறது. கைக்குழந்தை நீளம்தான் இருக்கும். நீலப் போர்வையில் கை பிடிக்கும் இடமெல்லாம் சாயம் போய்விட்டது. இந்த வாரம் ஒரு வீட்டில் தங்கும் மாதா அடுத்த வாரம் முறைப்படி அடுத்த வீட்டுக்குப் போவாள். அவளைத் தூக்கிவருகிறவள் தங்கியிருந்த வீட்டுக்காரி. மற்றவர்கள் பாடிக்கொண்டு பின்னால் வருவோம். அவள் இறக்கிவைக்கும்வரை வேறு யாரும் சுரூபத்தில் கை வைக்கக் கூடாது. யார் வைத்த வழக்கமோ தெரியாது. மீறி நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் மாதா இருந்தது புஷ்பத்தின் வீட்டில். அடுத்த முறை எங்கள் வீடு. ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வாசித்த அறிவிப்பில் எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டின் பெயர் இருந்தது. காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

நான் கருந்துளையைப் பற்றிப் பேசிவிட்டேன். அதற்காக மாதா என் வாசலைக் கடந்து போவதை நான் நின்று பார்க்க வேண்டும்.

கையில் வந்த மைக்

என் மகள் ஜெனி நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பௌதிகம் படிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இந்தத் தொடரைத் தட்டச்சு செய்து பத்திரிகைக்கு அனுப்புகிறவளும் அவள்தான். சில இடங்களில் முறைக்கிறாள். இந்த வாரம் நிறைய முறைக்கிறாள்.

அவர்கள் கல்லூரியில் ஒருநாள் பெற்றோரும் வரலாம் என்றார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், ஜெனியைவிடப் பத்து வயது கூட இருக்கலாம், கருந்துளை பற்றித் தமிழில் பேசினாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தூங்கிவிடுவேன் என்றுதான் பயந்தேன். தூங்கவில்லை.

திரையில் ஒரு படம் காட்டினாள். அடுப்பில் வட்டமாகத் தீ எரிய, நடுவில் சட்டியின் கரிப்பிடித்த அடி தெரிவதுபோல இருந்தது. அது உண்மையான படம்தானாம். நிறம் மட்டும் இவர்கள் கொடுத்ததாம். கருந்துளை என்றால் துளை இல்லையாம். ஒரு பெரிய நட்சத்திரம் தன் கனம் தாங்காமல் தனக்குள்ளேயே இடிந்து, கண்கொண்டு பார்க்க முடியாத அளவுக்கு ஒடுங்கிக் கிடப்பதாம். ஒரு எல்லை இருக்கிறது, அதைத் தாண்டிப் போனால் வெளிச்சம்கூடத் திரும்பாது என்றாள்.

பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமா? இல்லை, தூரத்தில் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. சூரியன் இருக்கும் இடத்தில் அதே கனத்தில் ஒரு கருந்துளையை வைத்தாலும் பூமி இப்போது சுற்றுவதுபோலவே சுற்றும். இருட்டும் குளிருமாக இருக்கும், அவ்வளவுதான். சூரியன் ஒருநாள் அப்படி ஆகிவிடுமா? ஆகாது, அதற்கு வேண்டிய கனம் சூரியனுக்கு இல்லை.

எனக்கு ஒரு கேள்வி தொண்டையில் வந்து நின்றது. கையைத் தூக்கிவிட்டேன். ஜெனி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இரி. மானத்த வாங்காத."

"உனக்க மானம் உனக்க கிட்ட இருக்கட்டு. நான் எனக்கத கேக்கேன்."

மைக் கைக்கு வந்தது. கேட்டேன். "அதுக்குள்ள ஒருத்தர் போய்ட்டா, வெளிய இருந்து நாம ஜெபிச்சா அது அவருக்குப் போகுமா?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் இருந்த ஒரு ஆசிரியர் திரும்பி, "அம்மா, இது அறிவியல் கூட்டம். கோயில் கேள்வியைக் கோயில்ல கேளுங்க" என்றார். இன்னும் பலத்த சிரிப்பு.

பேச வந்த பெண் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "ஜெபத்தைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வெளியில நின்னு ஒரு டார்ச் அடிச்சா, அந்த வெளிச்சம் உள்ளே போகும். அவர் அடிக்கிற டார்ச்தான் உங்ககிட்ட வராது."

உள்ளே போகும், திரும்பி வராது. நான் உட்கார்ந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. பேருந்தில் வரும்போது ஜெனி எனக்கு இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சிஸ்டர் போடவைத்த முட்டு

இந்தப் பழக்கம் எனக்குப் புதிதல்ல. சிறுபிள்ளையில், புதுநன்மை என்னும் முதல் நற்கருணை எடுப்பதற்கு முன் மறைக்கல்வி வகுப்பில், கடவுளை யார் படைத்தது என்று சிஸ்டரிடம் கேட்டேன். வெளியே மணலில் முட்டுப்போட வைத்தார்கள். முட்டு நன்றாக வலித்தது. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் இத்தனை வருடமும் தவறாமல் பூசைக்குப் போகிறேன், மாதத்தின் முதல் வெள்ளி ஒருசந்தி விரதம் இருக்கிறேன், பிள்ளை பெற்ற வலியில் மாதாவைக் கூப்பிட்டேன்.

படித்தவர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: நட்சத்திரம் பற்றியெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் ஜெபமாலையா? ஆமாம், ஜெபமாலைதான். பக்தி உள்ளவர்கள் கேட்பதுண்டு: ஜெபமாலை சொல்லுகிறவளுக்குக் கருந்துளை எதற்கு? ஆமாம், கருந்துளையும்தான். என் வீட்டில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. வீடு சின்னதுதான்.

பகிர்வு நேரம்

கல்லூரிக்குப் போய்வந்த அடுத்த வாரம் அன்பியத்தில் உலகப் படைப்பைப் பற்றிய வாசகம் வந்தது. நானா அதைக் கொண்டுவந்தேன்? வந்தது. பகிர்வு நேரத்தில் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும் என்பதுதானே முறை. கேட்டுவந்ததைச் சொன்னேன்.

பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். வழக்கமாகப் பகிர்வு நேரத்தில் பாதிப் பேர் கொசு அடித்துக்கொண்டிருப்பார்கள். அன்று ஆளுக்கு ஒரு கேள்வி.

"எக்கா, அது நம்ம பூமிய வந்து விழுங்கிருமா?"

"நம்ம பக்கத்துல அப்பிடி ஒண்ணும் கிடையாதாம்."

"அப்ப பயமில்ல. நான் சீட்டு போட்டிருக்கேன்."

"இந்த உலகம், நட்சத்திரம் எல்லாம் விரிஞ்சிட்டே போகுதுன்னு சொல்லுதாவளே. எதுக்குள்ளயாக்கும் விரியுது?"

"எதுக்குள்ளயும் இல்லியாம். அதுவே விரியுதாம். எனக்கும் மனசிலாவல. அந்தப் பிள்ள ரெண்டு தடவ சொன்னா, ரெண்டு தடவயும் மனசிலாவல."

"எல்லாத்துக்கும் முன்னால என்ன இருந்துது?"

இதற்கு மிக்கேல் அண்ணன் பதில் சொன்னார். அவர்தான் எங்கள் அன்பியத்துக்கு ஒருங்கிணைப்பாளர். குவைத்தில் நெடுங்காலம் இருந்து வந்தவர். ஒரு வீட்டில் சாவு என்றால் முதலில் போய் நிற்பது அவர்தான். "முன்னால கடவுள் இருந்தாரு. அவ்வளவுதான். அடுத்தாப்ல மன்றாட்டு."

அப்போதுதான் புஷ்பம் வாயைத் திறந்தாள்.

புஷ்பம் என்னோடு ஒரே வருடம் புதுநன்மை எடுத்தவள். அவள் வீட்டுக்காரர் லியோன், பெருங்காற்று அடித்த வருடம் கடலுக்குப் போனவர். கூடப்போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதன்பின் அவள் கூட்டத்துக்கு வருவாள், ஜெபமாலை சொல்லுவாள், பகிர்வில் ஒரு சொல் பேசமாட்டாள்.

"ஏட்டி செலினு," என்றாள். "அதுக்குள்ள ஒருத்தரு போறாருன்னு வையி. வெளிய ஒருத்தி நின்னு பாத்திட்டே இருக்கா. அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

அதையும் கல்லூரியில் ஒரு பையன் கேட்டிருந்தான். கேட்டதை அப்படியே சொன்னேன். போகிறவர் எல்லையை நெருங்க நெருங்க, வெளியே நிற்பவளுக்கு அவர் மெதுவாகிக்கொண்டே போவதுபோலத் தெரியும். உள்ளே போவதை அவள் பார்க்கவே மாட்டாள். விளிம்பிலேயே நிற்பார். சிவந்து, மங்கி, மங்கி, கடைசியில் தெரியாமல் ஆவார். ஆனால் போகிறவருக்கு அப்படி இல்லை. அவருக்கு அங்கே கோடும் இல்லை, வேலியும் இல்லை. அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

புஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அழுகிறாள் என்று நினைத்தோம். கையை எடுத்தபோது அவள் முகத்தில் பல வருடமாக நான் பார்க்காத ஒரு தெளிவு.

"அப்பிடித்தாம்ட்டி," என்றாள். "அப்பிடியேதாம்ட்டி எனக்கு."

எந்த நேரத்தில் மறைந்தது

கடற்கரையில் நின்று வள்ளம் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் ஆள் தெரியும். பிறகு சட்டையின் நிறம் தெரியும். பிறகு வள்ளம் மட்டும், பிறகு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எந்த நேரத்தில் மறைந்தது என்று எந்தப் பெண்ணாலும் சொல்ல முடியாது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இருப்பதுபோலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும்.

அந்தக் காற்றுக்குப் பின் லியோனைத் தேடிப்போன வள்ளங்களில் என் வீட்டுக்காரரும் போனார். திரும்பிவந்தவர் சோறு தின்னவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "தண்ணி" என்றார். இன்றுவரை அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

எங்கள் ஊரில் உடல் கிடைக்காவிட்டாலும் ஒருநாள் குறித்து, இறந்தவருக்கான பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை நட்டுவிடுவார்கள். அதன்பின் அந்தப் பெண் விதவை. புஷ்பம் அந்தப் பூசைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. மிக்கேல் அண்ணனுக்கு லியோன் சொந்தச் சித்தப்பா மகன். தம்பியின் ஆத்துமம் பூசையில்லாமல் அலைகிறதே என்று அவருக்கு உண்மையான வேதனை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர் மாதந்தோறும் அவள் வீட்டுக்குப் போய், நாள் குறிப்போமா என்று கேட்பார். அவள் உள்ளே போய்ச் சாயா போடுவாள். அதுதான் பதில்.

அந்த மாதம் அவள் சம்மதிக்கிற நிலைக்கு வந்திருந்தாளாம். என் பேச்சைக் கேட்ட மறுநாள், முடியாது என்று சொல்லிவிட்டாள்.

மிக்கேல் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"செலினு, நீ என்ன காரியம் செய்திருக்கே, தெரியுமா? அவ மனசு ஒரு வழிக்கு வந்திட்டு இருந்துது. நீ அவன் விளிம்பில நிக்கான்னு சொல்லிட்டே."

"நிக்கான்னு சொல்லல அண்ணே. பாக்கிறவளுக்கு அப்பிடித் தெரியும்னு சொன்னேன். அவரு போயாச்சுன்னும் சொன்னேன். ரெண்டும் சொன்னேன்."

"ஜெபக் கூட்டத்தில இதெல்லாம் எதுக்கு? இனி பேசமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. அடுத்தாப்ல மாதா உனக்க வீட்டுக்குத்தானே வரணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்த எடையைப் புரிந்துகொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"அண்ணே, பூசை வேண்டாம்னு நான் சொல்லல. உத்தரிக்கிற ஆத்துமங்களுக்குப் பூசை உதவும்னு எனக்கும் விசுவாசம் உண்டு. ஆனா நாள் குறிக்கவேண்டியது அவ. நீங்களும் இல்ல, நானும் இல்ல. பேசமாட்டேன்னு எழுதித் தரமாட்டேன். மாதாவ வச்சு என்ன மிரட்டாண்டாம். மாதாவே கேள்வி கேட்டவதான். இது எப்பிடி ஆகும்னு வானதூதர்கிட்டயே கேட்டா. அவர் அவள முட்டுப்போட வைக்கல."

அவர் திரும்பிப் போய்விட்டார். பங்குச் சாமியாரிடம் நான் போகவில்லை. ஜெனி போகச் சொன்னாள். கெஞ்சிப் பெறுகிற முறை எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வந்தது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். கூட்ட நாளன்று சந்தையில் கிழங்கு வாங்கினேன். வராவிட்டால் வராமல் போகட்டும். வாசல் பூட்டிக் கிடந்தது, அதனால் தாண்டிப் போனோம் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

வாசல்

பாட்டு நெருங்கியது. முன்னால் பெட்ரோமாக்ஸ் போன்ற வெள்ளை வெளிச்சத்தோடு ஒரு பேட்டரி விளக்கு. அதைப் பிடித்திருந்தது மிக்கேல் அண்ணன். அவருக்குப் பின்னால் புஷ்பம், மாதாவை மார்போடு அணைத்தபடி. பின்னால் பெண்கள். என் வாசல் நெருங்க நெருங்கப் பாட்டில் பாதிக் குரல்கள் இறங்கின. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மிக்கேல் அண்ணன் விளக்கோடு என் வாசலைக் கடந்தார். ஒரு எட்டு, இன்னொரு எட்டு.

புஷ்பம் கடக்கவில்லை. நின்றாள். திரும்பி என் படியில் கால் வைத்தாள்.

"புஷ்பம், அங்க இல்ல," என்றார் அவர். பாட்டு நின்றுபோனது.

"எங்கன்னு எனக்குத் தெரியும் அத்தான்."

"கோயில்ல வாசிச்சது கேக்கலியா?"

"கேட்டேன். எனக்க வீட்டுக்கு அடுத்த முறை இவ வீடு. நான் தூக்கிட்டு வாறேன். நான்தான் இறக்கி வைக்கணும். ஏலும்னா வந்து எனக்க கையில இருந்து புடுங்குங்க."

யார் பிடுங்குவார்கள்? தெருவில் அத்தனை பேரும் மாதாவின் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கை அசையவில்லை. புஷ்பம் என்னைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வழிய விடுட்டி. மாதாவுக்குக் கை வலிக்குது."

"மாதாவுக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

வெள்ளைத் துணியின் நடுவில் சுரூபத்தை இறக்கி வைத்தாள். பின்னால் ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு படி நிறையச் செருப்பு. பாய் போதவில்லை. மிக்கேல் அண்ணன் விளக்கைப் படியில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் வாசல்நிலையில் நின்றார்.

ஜெபமாலை முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. ஒருவர் வேண்டுதல் சொல்ல, மற்றவர்கள் எல்லாரும் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் அது எல்லாருடைய வேண்டுதலும் ஆகிவிடும். அதனால்தான் சண்டைக்காரர்களுக்கு மன்றாட்டு நேரம் கஷ்டமானது.

புஷ்பம் முட்டுப்போட்டபடி பேசினாள். அவள் மன்றாட்டுச் சொல்லி அன்றுதான் கேட்கிறேன்.

"ஆண்டவரே, எனக்க ஆளு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். நான் சொல்லுதது அவருக்குப் போகும்னு நம்புதேன். அவரு சொல்லுதது எனக்கு வரல, வராண்டாம். விளிம்பில நிக்கவரு எனக்க கண்ணுக்கு என்னைக்கு மறையுதாரோ, அன்னைக்கு நானே பூசைக்கு நாள் சொல்லுவேன். அதுவரைக்கும் ஆரும் எனக்க வீட்டுல வந்து கேக்காம இருக்கணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறேன்."

கடல் மட்டும் கேட்டது. எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் நான் முதலில் சொன்னால், செலின் சொல்லிக்கொடுத்தது என்றாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

முற்றத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தென்னையில் சாய்ந்து நின்ற என் வீட்டுக்காரர். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத மனிதர், வள்ளத்திலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னார்:

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

அதன்பின் வீடு முழுவதும் சொன்னது. ஓடு அதிரச் சொன்னது. நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். மிக்கேல் அண்ணன் சொல்லவில்லை. உதடு இறுகியிருந்தது, கண் நிறைந்திருந்தது. சொல்லாமலிருக்க அவருக்கும் உரிமை உண்டு. நானும் வற்புறுத்த மாட்டேன். கிழங்கும் மீன்கறியும் ஒரு தட்டில் வைத்து வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் அவர் புஷ்பத்தின் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை.